பஸ்தியானுக்குக் குளிக்க வார்த்தவள்

சீமையில ராசா ஒருத்தர் பொம்பிளை ஒருத்திக்காக முடியை விட்டிட்டுப் போனாரே, அதுக்கு அடுத்த வருஷம் நடந்தது இது. நான் பக்கத்து வளவுக்காரி, பாக்கியம்மா. பஸ்தியான் வீட்டுக்கும் என்ட வீட்டுக்கும் நடுவில ஒரு கிடுகு வேலிதான், அதுவும் பாதி உக்கினது. அங்க ஒரு சட்டி விழுந்தா இங்க கேக்கும். அதால இந்தக் கதைய நான் சொல்றதுதான் சரி. எங்கட ஊர் கண்டக்குழிச் சனம் சொல்றத நம்பாதீங்க. அதுகளுக்கு அவர்ட மருமகள் மக்தலேனா ஒரு நாள் அர்ச்சிஷ்டவள், அடுத்த நாள் வன்மக்காரி.

பஸ்தியான் நல்ல காலத்தில கரைவலைக்காரர். இடுப்பளவு தண்ணியில நிண்டு அவர் ஒரு சத்தம் வைச்சாரெண்டா கயிறு இழுக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில இழுப்பாங்க. அப்பிடிப்பட்ட மனுசனுக்கு ஒரு விடியக்காலம் கடக்கரையில வைச்சே வாதம் வந்து ஒரு பக்கத்தை இழுத்துப் போட்டுது. வாய் தப்பிச்சுது, கால் போச்சுது. பெண்சாதி எப்பவோ செத்துப் போனாள். மகள் கத்தரினா சிலாபத்தில கலியாணம் முடிச்சு இருக்கிறாள். மகன் இன்னாசிப்பிள்ளைதான் தகப்பனைப் பாத்தவன். குழந்தையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போய்க் கிணத்தடியில இருத்தி, முதுகு தேச்சு, தலை துடைச்சு, திருப்பிக் கொண்டுவந்து சாக்குக் கட்டில்ல வளத்திப் படுக்க வைப்பான். அந்தப் பிள்ளையைக் காய்ச்சல் வருஷம் கொண்டு போட்டுது. எத்தனை வீட்டில அந்த வருஷம் விளக்கு அணைஞ்சுது, இந்த வீட்டிலயும் அணைஞ்சுது. மிஞ்சினது கிழவரும் மருமகள் மக்தலேனாவும். பிள்ளை குட்டி இல்ல.

இப்ப கிழவரை ஆர் குளிப்பாட்டுறது? எங்கட பக்கத்தில மாமனுக்கு முன்னால மருமகள் கதிரையில இருக்க மாட்டாள். கதவு மறைவில நிண்டுதான் கதைப்பாள். சோறு வைச்சா வைச்சிட்டு விலகிப் போவாள். அதால வலையிழுக்கிற ஆம்பிளைகள் தாங்கள் பாக்கிறம் எண்டாங்க. வலை கரைக்கு வந்த பிறகு ஆளுக்கொரு நாள் முறை வைச்சு, கிழவரைக் கோயில் கிணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாங்க. பாக்கக் கண்கொள்ளாக் காட்சிதான். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச நாள் செஞ்சாங்க. பிறகு "இண்டைக்கு உன்ட முறை", "இல்ல, உன்ட முறை" எண்டு கதை வளந்துது. கச்சான் காத்து எழும்பி இந்தக் கடல் கெட்ட உடன ஆம்பிளைகள் வழமை போல முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கப் போயிட்டாங்க. ஊரில மிஞ்சினது பொம்பிளைகளும் நாயும்தான். கிழவர் வேர்வையோட, மூத்திர மணத்தோட கிடந்தார். ஈ மொய்ச்சுது. ஒரு நாள் பகல் மக்தலேனா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "அக்கா, தூக்க ஒரு கை தாங்க. நானே குளிக்க வாக்கிறன்" எண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "விசரி! மாமனையா?"

"மனுசன் புழுத்துப் போறதை விட அது பெரிசா அக்கா?"

தூக்கினம். கிணத்தடியில ஒரு கட்டையில இருத்தினம். அவள் தலையைக் குனிஞ்சு கொண்டு முதல் வாளியை ஊத்தினாள். கிழவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பலத்த சத்தமா அருள் நிறை மந்திரம் சொல்லத் தொடங்கினார். முதல் பாதிய அவர் சொல்ல, மற்றப் பாதிய மக்தலேனா சொன்னாள். கோயில்ல சொல்ற மாதிரியே. தண்ணி ஊத்தி முடியும்வரைக்கும் செபமும் நிக்கல்ல. பிறகு என்னட்ட அவள் சொன்னாள், "இன்னாசிட ஆத்துமத்துக்காகச் சொல்றார் அக்கா. நாங்க ரெண்டு பேரும் சேந்து அவருக்காகச் சொல்றம்." சொல்லக்குள்ள அவள்ட முகத்தில ஒரு வெளிச்சம். புருசன் செத்த பிறகு அவளிட்ட நான் காணாத வெளிச்சம் அது.

அதுக்குப் பிறகு அது வழமையாப் போச்சுது. ஆம்பிளைகள் வாடியால திரும்பி வந்த பிறகும் அவங்கள் முறை எடுக்கல்ல. எடுக்கச் சொல்லி ஆரும் கேக்கவும் இல்ல. வேலிக்கு அங்கால செபம் தொடங்கினா, ஓ, கிழவர் குளிக்கிறார் எண்டு ஊருக்குத் தெரியும். "கொடுத்து வைச்ச மனுசன்" எண்டு சனம் சொல்லும். சாமியார் கூடப் பிரசங்கத்தில சொன்னார். அவள் கருவாடு காய வைச்சாள், கிடுகு பின்னினாள், குரக்கன் குத்தினாள். மீன்ல முள்ளெடுத்துச் சோத்தோட பிசைஞ்சு வைச்சாள். அந்தக் கிழவர் இருக்கிறதால அந்த வீடு வீடா இருந்துது, அவள் அந்த வீட்டு மருமகளா இருந்தாள்.

நான் முதல் சொன்ன அந்த வருஷம், தலவில எண்ட ஊர் அன்னம்மா கோயில் திருநாள் முடிஞ்ச கையோட, கச்சான் மணலை அள்ளி முகத்தில அடிக்கிற ஒரு நாள், கத்தரினா மாட்டு வண்டியில வந்து இறங்கினாள். புருசன் நிக்கொலசும் கூட வந்தான். அவன் சிலாபத்தில கொப்பராக் கிட்டங்கியில வேலை. நல்ல பொடியன், வாய் திறக்க மாட்டான். கத்தரினாவுக்கு வாய் திறந்தா மூடாது. வந்து முகம் கழுவ முந்தியே தொடங்கினாள்.

"மச்சாள், அப்புவைக் கொண்டுபோக வந்தன்."

மக்தலேனா அடுப்படிக்குள்ள நிண்டாள். "என்ன குறை கண்டீங்க மச்சாள்?"

"குறை சொல்ல வரல்ல. சிலாபத்தில ஆசுபத்திரி கிட்ட இருக்கு. டொக்டர் இருக்கிறார். கல்லு வீடு, மழை ஒழுகாது. விடிஞ்சா பேக்கரிப் பாண் வரும்."

"இங்க பரியாரியார் எண்ணெய் தாறார்."

"எண்ணெயில எழும்பி நடந்திட்டாரா?"

எனக்குப் பொறுக்கல்ல. வேலிப் பொட்டால தலையை விட்டு, "டவுணில கொண்டுபோய்க் கூட்டுக்குள்ள கோழியை அடைக்கிற மாதிரி அடைக்கப் போறியா? இங்க அவருக்கு ஊர் இருக்கு" எண்டன்.

"நீங்க பேசாம இருங்க பாக்கியக்கா. ஊர் ஊர் எண்டுறீங்க. என்ட தம்பி செத்த பிறகு இந்த ஊர் அப்புவை எத்தனை நாள் தூக்கினது? ஊர் தூக்கினா இவள் ஏன் தூக்கினாள்?"

நான் தலையை இழுத்துக்கொண்டன். 

இதில ஒரு விசயம் நீங்க விளங்கிக்கொள்ள வேணும். எங்கட பக்கத்தில வயசு போனவங்களிட்ட, நீங்க எங்க இருக்க விருப்பம் எண்டு கேக்கிறல்ல. கேட்டா, பாக்கிறவளுக்கு அலுத்துப் போச்சு எண்டுதான் அர்த்தம். வயசு போனவங்களும் வாய் திறந்து சொல்றல்ல. சொன்னா, பாக்கிறவளைக் குறை சொன்ன மாதிரி. அதால ரெண்டு பொம்பிளைகளும் அடுப்படியில நிண்டு பொருத, கிழவர் சாக்குக் கட்டில்ல கூரையைப் பாத்துக்கொண்டு கிடந்தார். ஒருத்தி கூட அந்தப் பக்கம் திரும்பி, அப்பு என்ன சொல்றீங்க, மாமா என்ன சொல்றீங்க எண்டு கேக்கல்ல. மக்தலேனாவுக்கு, போகாதீங்க எண்டு சொல்ல நெஞ்சு வெடிச்சுது. எனக்குத் தெரியும். ஆனா மகள் கூப்பிடக்குள்ள மருமகள் மறிச்சா அது முறையில்ல. அவள் சொல்லல்ல. கிழவர் கடைசியில, "வெயில் ஏற முந்திப் போவம்" எண்டு மட்டும் சொன்னார். நிக்கொலஸ் அவரைத் தூக்கி வண்டியில வைக்கோல் மேல வளத்தினான். வண்டி போச்சுது. மணல்ல சில்லுப் போன தடத்தைக் காத்து உடனேயே மூடிப் போட்டுது.

"பறிச்சுக்கொண்டு போயிட்டாள்" எண்டு ஊர் முழுக்க ஒரே கதை. நானும்தான் சொன்னன், ஏன் பொய் சொல்ல வேணும்?

அதுக்குப் பிறகு மக்தலேனா இருந்த இருப்பைச் சொன்னா உங்களுக்கு வயிறு எரியும். பகல்ல கிணத்தடிக்குப் போய் வாளி நிறையத் தண்ணி அள்ளுவாள். அள்ளின பிறகு, ஆருக்கு எண்டு யோசிச்சுக்கொண்டு நிப்பாள். பிறகு முருங்கை மரத்துக்கு ஊத்துவாள். அந்த வருஷம் முருங்கை காய்ச்சுக் கொட்டினது. சூடை மீன் குழம்பு வைச்சா முள்ளெடுத்து ஒரு பக்கமா வைப்பாள். ஒரு நாள் நான் நேர கேட்டன், "ஏன்டி, மாமனில இவ்வளவு ஆசையா?"

"ஆசை எண்டு இல்ல அக்கா. அவர் செபம் சொல்லக்குள்ள இன்னாசி பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும். இப்ப ஆருமில்ல. நான் தனியச் சொல்லிப் பாத்தன். மற்றப் பாதிய மட்டும் சொல்ல வாய் வருகுது. முதல் பாதி வருகுதில்ல."

இதுக்குள்ள அவள்ட அண்ணன் சின்னப்பாடு எண்ட ஊரிலயிருந்து வந்தான். "கிழவனும் போயிட்டுது. தனிப் பொம்பிளை இந்தக் கரையில என்ன செய்யப் போறாய்? வீட்டைப் பூட்டிப்போட்டு வா, என்ட வீட்டில ஒரு மூலையில இரு" எண்டான். அவன்ட பெண்சாதியை எனக்குத் தெரியும். அங்க போனா இவளுக்கு மூலை கூடக் கிடைக்காது, அடுப்புத்தான் கிடைக்கும்.

"மாமாவைக் கூட்டிக்கொண்டு வாறன் அண்ணன்" எண்டாள் மக்தலேனா. "அவர் வந்தா நான் எங்கயும் வரமாட்டன்."

"வராட்டி?"

"வருவார். நான் போய் வாய் திறந்து கேக்கப் போறன்."

வாய் திறந்து கேக்கப் போறன்! அவன் மூக்கில விரலை வைச்சான். நானும்தான்.

வாடைக் காத்து தொடங்கி ஆம்பிளைகள் திரும்பி வந்த பிறகு சிலாபத்துக்குப் போனம். அவளைத் தனிய அனுப்ப எனக்கு மனம் வரல்ல. கற்பிட்டியில தோணிக்காரர் மஹ்ரூப் நானாட தோணியில ஏறிப் புத்தளத்துக்குக் களப்புத் தாண்டினம். தூத்தல் மழை. மக்தலேனா சூடைக் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில வைச்சு முந்தானையால மூடிக்கொண்டு இருந்தாள். மஹ்ரூப் நானா கதைகாரன். எங்க போறம், என்னத்துக்குப் போறம் எண்டு கேட்டுத் தெரிஞ்சுகொண்டு தலையை ஆட்டினார்.

"என்னா புள்ள இது புதினம்? எங்கட ஊட்டுல எங்கட உம்மா ராத்தாட்டத்தான். நாங்க ஆம்புளப் புள்ளைகள் நாலு பேர் ஈக்கிறோம். ஒருத்தன்ட ஊட்டுக்கும் வரமாட்டா. மவுத்தாகுற வரைக்கும் மகள் ஊடுதான் எண்டு நிய்யத்து வெச்சிட்டா."

"உங்கட வழக்கம் வேற நானா" எண்டாள் மக்தலேனா. அதுக்குப் பிறகு அந்தக் கரை வரும்வரைக்கும் அவள் அவரோட கதைக்கல்ல. எனக்குச் சிரிப்பு வந்துது.

புத்தளத்தில ரெயில் ஏறி, மதுரங்குளி தாண்டி, தென்னந்தோட்டம் தென்னந்தோட்டமாப் பாத்துக்கொண்டு சிலாபம் போய்ச் சேந்தம். கத்தரினாட வீடு மீன் சந்தைக்குப் பின்னால. கல்லு வீடுதான், ஆனா காத்து இல்ல. எங்க பாத்தாலும் கொப்பரா மணம். கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் சத்தம் கேக்காது, மாட்டுக் கரத்தைச் சத்தம்தான். வாசல்ல நிக்கொலஸ் நிண்டான். எங்களைக் கண்ட உடன முகம் வெளுத்துப் போச்சுது. "அவ பின்னால நிக்கிறா. மாமாவுக்குக் குளிக்க வாக்கிறா. இருங்க" எண்டு போட்டு, சொல்லாமக் கொள்ளாமச் சந்தைப் பக்கம் நழுவினான்.

நாங்க விறாந்தையில நிண்டம். பின் வளவில கிடுகு மறைப்பு. அதுக்கு அங்கால தண்ணிச் சத்தம். மக்தலேனாட வாய் தன்னால அசைஞ்சுது. கிழவர் முதல் பாதியத் தொடங்கினா மற்றப் பாதியச் சொல்ல ஆயத்தமா நிண்டாள் பாவி.

செபம் வரல்ல. கிழவர்ட கத்தல்தான் வந்துது.

"கொதிக்குதடி! தோலை உரிக்கப் பாக்கிறியா?"

"பச்சைத் தண்ணி ஊத்தினா விறைக்குது எண்டுறீங்க. சுடு தண்ணி ஊத்தினா கொதிக்குது எண்டுறீங்க. குனியுங்க!"

"காதுக்குள்ள போகுது, காதுக்குள்ள போகுது!"

"காது இருந்தாத்தானே போகும். சொன்னது ஒண்டும் அதுக்குள்ள போறல்லயே."

கிழவர் சிரிச்சார். என்ட மாதாவே, வாதம் வந்த நாள் தொடக்கம் நான் அவர்ட சிரிப்பைக் கேட்டதேயில்ல. கடக்கரையில சத்தம் வைச்ச அதே தொண்டை. மக்தலேனா என்ட பக்கம் திரும்பினாள். "செபம் சொல்றாரில்லயே அக்கா" எண்டாள். நான் அவள்ட முகத்தைப் பாக்காம முற்றத்தைப் பாத்தன்.

பிறகு கத்தரினா அவரைத் துடைச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன் காலைப் பிடிக்க, முன் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில கொண்டுவந்து இருத்தினாள். தாடி வழிச்சிருந்துது. கன்னம் கொஞ்சம் ஊதியிருந்துது. எங்களைக் கண்டு கத்தரினா, "வந்தீங்களா" எண்டாள். வேற ஒண்டும் சொல்லல்ல. உள்ளுக்குப் போய் அடுப்பில சட்டியை டொங் எண்டு வைச்சாள்.

மக்தலேனா பழைய பழக்கத்தில கதவு நிலைக்குப் பின்னால போய் நிண்டாள். நிண்டுகொண்டு கேட்டாள். எங்கட பக்கத்தில ஒருத்தியும் கேக்காத கேள்வி.

"மாமா. நீங்க எங்க இருக்க விருப்பம்? என்னோட வாறீங்களா?"

கிழவர் தலையைத் தூக்கித் தெருவைப் பாத்தார். பிறகு, "காத்து வாடைக்குத் திரும்பிட்டுதா?" எண்டார்.

"ஓம் மாமா."

"வலை போடுறாங்களா?"

"போடுறாங்க. பாரை மீன் படுகுது."

"கடலைக் காணாம நெஞ்சு காயுது பிள்ள. உன்ட சூடைக் குழம்பு நாக்கில நிக்குது."

"அப்ப வாங்க."

"வரமாட்டன்."

 கிழவர் நல்ல கையால கதிரைக் கையைத் தடவிக்கொண்டு சொன்னார், "கோவிக்காத பிள்ள. கத்தரினா என்னைப் பறிச்சுக்கொண்டு வரல்ல. நான்தான் வரச் சொன்னன். தலவிலத் திருநாளுக்கு வந்த சிலாபத்து ஆளொருத்தர் என்னைப் பாக்க வந்தாரே, அவரிட்டச் சொல்லிவிட்டன்."

"நான் என்ன பிழை செஞ்சன் மாமா?"

"பிழை செய்யல்ல. நீ பாத்த மாதிரி இவள் பாக்கமாட்டாள். திட்டித் திட்டித்தான் வாக்கிறாள். ஆனா இவள் நான் பெத்தது. இவளுக்கு நான் பீ மூத்திரம் அள்ளினன், இப்ப இவள் எனக்கு அள்ளுறாள். நீ இன்னாசிட பெண்சாதி. என்ட முகத்தை நேர பாக்காத பிள்ள. நீ வாளியைத் தூக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு உசிர் போய் உசிர் வந்துது."

"செபம் சொன்னீங்களே மாமா..."

"வெக்கத்தில சொன்னன். மாதாவே, கெதியா முடியட்டும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொன்னன்."

"இன்னாசிக்காக எண்டு நினைச்சு நானும் சேந்து சொன்னனே!"

"தெரியும் பிள்ள. அதாலதான் நிப்பாட்ட ஏலாமப் போச்சுது."

அவள் அப்பிடியே நிலத்தில குந்தினாள். அழுதாள். கத்தரினா அடுப்படியால எட்டிப் பாத்திட்டுத் திரும்பிப் போனாள். கிழவருக்கும் கண் நிறைஞ்சு கன்னத்தில வழிஞ்சுது, துடைக்க வேண்டிய கை விளங்காத கை. நான் துடைச்சு விட்டன். எனக்கும்தான் அழுகை.

"எழும்பு" எண்டார் கிழவர். "அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு என்ட முன்னால இரு."

"மாமா..."

"இரு எண்டா இரு. இவ்வளவு காலம் ஒரே வீட்டில இருந்தம். நீ வாத்தாய், ஊட்டினாய், கழுவினாய். ஒரு நாள் ஒரு கதை கதைச்சமா? சும்மா இருந்து என்னோட கதை."

இருந்தாள். கதிரை நுனியிலதான் இருந்தாள், ஆனா இருந்தாள். கிழவர் இன்னாசியைப் பத்தித் தொடங்கினார். சின்ன வயசில அவனுக்குச் சொறி மீனைக் கண்டாப் பயமாம். கால்ல ஒருக்காப் பட்டு ஊதினதிலயிருந்து, கரையில வழுவழுப்பா என்ன கிடந்தாலும் கத்திக்கொண்டு தகப்பன்ட தோள்ல ஏறிவிடுவானாம். "எனக்கு ஒண்டுக்கும் பயமில்ல எண்டு என்னட்டச் சொன்னாரே!" எண்டு மக்தலேனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். பிறகு அவள் சொன்னாள், காய்ச்சல்ல கிடக்கக்குள்ள அவன் பாணும் சீனியும் கேட்டதை, கற்பிட்டியில பாண் தேடி ஆள் போய் வர முந்திக் கண் மூடினதை. அது கிழவருக்குத் தெரியாது. அந்த நேரம் அவர் உள்ளறையில எழும்ப ஏலாமக் கிடந்தவர். "என்னட்ட ஆரும் சொல்லல்லயே" எண்டார். அவள் நேர அவர்ட முகத்தைப் பாத்து, "சொல்ல முறையில்லயே மாமா" எண்டாள்.

கதைச்சாங்க, கதைச்சாங்க, ரெயிலும் போச்சுது, ராவு அங்கயே தங்கினம். கத்தரினா சோறு போட்டாள். முகம் உம்மெண்டு இருந்தாலும் மக்தலேனாட கோப்பையில பெரிய மீன் துண்டு கிடந்துது. நாங்க போக வெளிக்கிடக்குள்ள, "மாசத்துக்கு ஒருக்கா வந்து இவரோட கதைங்க மச்சாள்" எண்டாள். "எனக்குக் கதைக்க நேரமில்ல. கத்தத்தான் நேரமிருக்கு."

திரும்பி வரக்குள்ள களப்பில காத்து இல்ல. மஹ்ரூப் நானா மரக்கோல் ஊண்டினார். நடுக் களப்பில மக்தலேனா சொன்னாள், "முந்தி அவர்ட உடம்பைத்தான் பாத்தன் அக்கா. நேத்துத்தான் மனுசனைக் கண்டன். இப்பதான் எனக்கு அவர் வேணும் போல கிடக்கு."

கரையில பொம்பிளைகள் கூடி நிண்டாங்க. எங்க கிழவர், கத்தரினா விடல்லயா எண்டு கேட்டாங்க. "அவருக்கு அங்கதான் விருப்பம்" எண்டாள். ஒருத்தியும் நம்பல்ல. அண்ணன் வீட்டைப் பூட்ட வந்து நிண்டான். "மாமன் உசிரோட இருக்கக்குள்ள மருமகள் வீடு பூட்டுறல்ல, நீ போ அண்ணன்" எண்டாள். அவன் பேசிப் பேசிப் போனான்.

மாசத்துக்கு ஒருக்காக் களப்புத் தாண்டிப் போய் வந்தாள். போகக்குள்ள கருவாடு, வரக்குள்ள கதை. எனக்கும் வேலிக்கு மேலால பங்கு கிடைச்சுது. அடுத்த கச்சான் முடிய முந்தி, ஒரு நாள் மஹ்ரூப் நானா தோணியைக் கட்டின கையோட நடந்து வந்து, சிலாபத்தில கிழவர் போயிட்டார் எண்டு சொன்னார்.

ஊர்ச்சனம் கொஞ்சப் பேர் நாங்க போனம். எங்கட பக்கத்தில பிரேதத்தைக் குளிப்பாட்டக்குள்ள உரித்துக்காரர் ஆளுக்கொரு செம்பு வாக்க வேணும். வாக்காமப் போனா, செத்தவரோட வன்மம் எண்டுதான் சனம் சொல்லும், அந்தப் பேர் வாக்காதவங்க சாகும்வரைக்கும் அழியாது. பின் வளவில அதே கிடுகு மறைப்புக்குள்ள கிழவரை வளத்தியிருந்தாங்க. கத்தரினா வாத்தாள், நிக்கொலஸ் வாத்தான். பிறகு கத்தரினா செம்பை நிறைச்சுக்கொண்டு வெளியில வந்து, எல்லாரும் பாக்க மக்தலேனாட கையில நீட்டினாள். 

"வாங்க மச்சாள். என்னை விட உங்களுக்குத்தான் உரித்து. நீங்க வாத்த தண்ணியில எத்தனை நாள் இருந்த உடம்பு."

மக்தலேனா செம்பை வாங்கல்ல. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கொண்டாள்.

"வேணாம் மச்சாள். நீங்களே வாத்து விடுங்க."

சனம் குசுகுசுத்துது. எங்கட கண்டக்குழிச் சனம்தான் முதல் தொடங்கினது. பாத்தியா வன்மத்தை, கடைசிச் செம்பு கூட வாக்க மாட்டாளாம். எனக்கு அவளுகள்ட வாயைக் கிழிக்க வேணும் போல வந்துது. மக்தலேனா என்ட கையைப் பிடிச்சு இறுக்கினாள். 

"ஒரு செம்பு வாக்க எவ்வளவு ஆசையா இருக்குத் தெரியுமா அக்கா" எண்டாள் என்ட காதுக்குள்ள. "ஆனா மாமா வெக்கப்படுவார்."

கத்தரினா செம்போட உள்ளுக்குப் போனாள். மக்தலேனா அந்த மறைப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ள தண்ணிச் சத்தம் நிக்கும்வரைக்கும் அங்கயே நிண்டாள்.